தெரிந்த முகமும் தெரியாத காகிதமும்

மாலை ஆறு மணிக்கு மேல் சிம்மக்கல் முனையில் பத்து நிமிஷம் நின்றால் போதும், மதுரையின் பாதி அபிப்பிராயங்கள் காதில் விழுந்துவிடும். 1889-ல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தைத் தாண்டிக் கோரிப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள், வடக்கு மாசி வீதியில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்கள், மாவட்ட மைய நூலகத்தில் பத்திரிகை புரட்டிவிட்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் ஒரு கிளாஸ் டீக்காக ஒரே கடை வாசலில் கூடுகிறார்கள். கூடினால் பேச்சு. பேச்சு என்றால் முன்பெல்லாம் அரசியல், சினிமா. இப்போது அவற்றோடு இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. அது பணம். பணத்தை எங்கே போடுவது, எதில் அனுப்புவது, எதற்குக் கட்டுவது என்பதுதான் பேச்சு.

சென்ற வாரம் அப்படி ஒரு பெஞ்சில் அமர்ந்து நாம் கேட்ட பேச்சை முதலில் சொல்லிவிடுகிறோம்.

“இன்ஷூரன்ஸா? செத்தால்தானே காசு! உயிரோடு இருக்கிறவனுக்கு அதனால் என்ன பிரயோசனம்?” என்றார் இரும்புச் சாமான் கடைக்காரர் ஒருவர்.

“வண்டி இன்ஷூரன்ஸ் எல்லாம் போலீசுக்காகத்தான் அண்ணே. செக்கிங் இல்லாத சந்து வழியாகப் போனால் அதுவும் தேவையில்லை” என்றார் பக்கத்திலிருந்த இளைஞர்.

“பாங்கியில் போட்டால் என்ன வருகிறது? எங்கள் தெருவில் தெரிந்தவர் ஒருத்தர் இருக்கிறார், நூற்றுக்கு மூன்று வட்டி தருகிறார். மாசம் பிறந்தால் வீட்டுக்கே வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்” என்றார் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

டீக்கடைக்காரரோ, கல்லாவின் மேல் ஒட்டியிருந்த சதுரப் படத்தைக் காட்டி, “எல்லாம் இதில்தான் வருகிறது. வந்ததா என்று பெட்டி கத்துகிறது. எந்த பாங்கிக்குப் போகிறது என்று என் சம்சாரத்துக்குக்கூடத் தெரியாது!” என்று சிரித்தார்.

மற்றவர்களும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம், அதே பெஞ்சில் சற்று முன்புதான் வேறொரு கதையைக் கேட்டிருந்தோம்.

இருபது ரூபாய்

அந்தப் பக்கத்தில் பல வருஷங்களாக வண்டியில் சுமை இழுத்து வந்த தொழிலாளி ஒருவர். ஒரு நாள் விடியற்காலையில் கல்பாலத்துப் பக்கம் மோட்டார் சைக்கிள் மோதிக் கீழே விழுந்தார். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் உயிர் பிரிந்தது. மனைவி, படிக்கிற வயதில் இரண்டு பிள்ளைகள்.

ஈமக் காரியமெல்லாம் முடிந்த பிறகு, பெட்டியில் இருந்த பழைய பாஸ் புத்தகம் ஒன்றை அந்த அம்மாள் எடுத்துக்கொண்டு பாங்கிக்குப் போயிருக்கிறார். புரட்டிப் பார்த்த குமாஸ்தா, “இவர் பெயரில் விபத்து இன்ஷூரன்ஸ் இருந்திருக்கிறதே” என்றாராம். முதலில் வருஷத்துக்குப் பன்னிரண்டு ரூபாய், பிறகு இருபது ரூபாய் என்று கணக்கில் கழித்திருக்கிறார்கள். விபத்தில் இறந்தால் 2 லட்ச ரூபாய் கிடைக்கும் திட்டம் அது.

அந்த அம்மாள் முகத்தில் உயிர் வந்திருக்கும். ஆனால் குமாஸ்தா அடுத்த பக்கத்தைப் புரட்டினார். கடைசி வருஷத்துக்கான இருபது ரூபாய் கழிக்கப்படவில்லை. கழிப்பதற்குக் கணக்கில் இருபது ரூபாய் இல்லை! ஏன் இல்லை? செல்போனில் பணம் வாங்கத் தொடங்கியபோது அவர் வேறொரு பாங்கியில் புதுக் கணக்குத் திறந்திருந்தார். கூலியெல்லாம் அதில் விழுந்தது. பழைய கணக்கு வற்றிவிட்டது. மே மாதக் கடைசியில் பழைய கணக்கில் ஓர் இருபது ரூபாய் இருக்கவேண்டும் என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், அது தம் செல்போனில் ஆங்கிலத்தில் வந்து விழுந்த நூறு செய்திகளில் ஒன்றாகப் போயிருக்கும்.

கதை இத்துடன் முடியவில்லை. மோதிய மோட்டார் சைக்கிளுக்கும் இன்ஷூரன்ஸ் இல்லை. காலாவதியாகி இரண்டு வருஷமாயிற்றாம். ஓட்டியவன் ஒரு மாணவன். வண்டி தகப்பனார் பெயரில் இருந்தது. அவரும் மாதச் சம்பளக்காரர். நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால், கம்பெனி கட்டவேண்டிய பணத்தை அவரே தம் கையிலிருந்து கட்டவேண்டி வரும். கட்ட முடியுமா? கிடைக்கிறவருக்கு எப்போது கிடைக்கும்? இரண்டு குடும்பங்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்தன.

“செத்தால்தானே காசு” என்ற அந்த இரும்புக் கடைக்காரர் சொன்னது ஒரு விதத்தில் வாஸ்தவந்தான். ஆனால் அந்தக் காசு செத்தவருக்கல்ல, இருக்கிறவர்களுக்கு. அதை மறந்துவிட்டுப் பேசுவதுதான் நம்முடைய வழக்கமாகப் போய்விட்டது.

அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு

ஜனங்கள் இன்ஷூரன்ஸை நம்பாததற்கு அவர்களை மாத்திரம் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு காலத்தில் நம் நாட்டில் ஆயுள் இன்ஷூரன்ஸ் நடத்திய கம்பெனிகளுக்குக் கணக்கு வழக்கில்லை. பிரீமியத்தை வசூலித்துவிட்டுக் கலைந்து போனவையும் உண்டு. பாலிசிதாரர் பணத்தைத் தங்கள் சொந்த வியாபாரங்களுக்குத் திருப்பிக்கொண்டவையும் உண்டு. 1956 ஜனவரி 19-ந் தேதி இரவு, நிதி மந்திரி சி.டி. தேஷ்முக் ரேடியோவில் பேசி, ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலைச் சர்க்கார் ஏற்றுக்கொள்வதாக அறிவித்தார். கம்பெனிகளும் சங்கங்களுமாக மொத்தம் 245 ஸ்தாபனங்கள் ஒன்றாக்கப்பட்டன. அந்த வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பொரேஷன் பிறந்தது.

சர்க்கார் கைக்கு வந்ததும் எல்லாம் சுத்தமாகிவிட்டதா? இல்லை. மறு வருஷமே, முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளில் கார்ப்பொரேஷன் பணம் போட்ட விவகாரம் பார்லிமெண்டில் வெடித்தது. அதைக் கிளப்பியவர் பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா பகிரங்கமாக விசாரணை நடத்தினார். 1958-ல் நிதி மந்திரி டி.டி. கிருஷ்ணமாச்சாரி ராஜிநாமாச் செய்யவேண்டி வந்தது. தப்பு நடந்தது உண்மை. ஆனால் தப்பைக் கேட்கப் பார்லிமெண்டும், விசாரிக்க ஒரு நீதிபதியும், பதில் சொல்ல ஒரு மந்திரியும் இருந்தார்கள். தெருமுனையில் மூன்று வட்டி கொடுக்கிறவர் நாளைக்குப் பதில் சொல்லவில்லையென்றால் கேட்கப்போகிறவர் யார்?

வாகனம், தீ, கடல் முதலிய பொது இன்ஷூரன்ஸ் 1973 ஜனவரி முதல் சர்க்கார் வசமாயிற்று. 107 கம்பெனிகளை நான்காக வகுத்தார்கள். அவற்றில் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குத் தலைமை இடம் நம் சென்னை. 2000-க்குப் பிறகு தனியார் கம்பெனிகளுக்கு மறுபடி கதவு திறந்தது. ஏஜண்டுகள் பெருகினார்கள். பாங்கியிலும் இன்ஷூரன்ஸ் விற்கத் தொடங்கினார்கள். டிபாசிட் போடப் போனவர் பாலிசியோடு வீட்டுக்கு வந்த கதைகள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கின்றன. “மூன்று வருஷம் கட்டினால் போதும், இரட்டிப்பாகும்” என்று சொல்லி விற்றவர், நான்காம் வருஷம் மாற்றலாகிப் போயிருப்பார்.

ஆக, ஜனங்களின் அவநம்பிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நாம் சொல்வதெல்லாம், அந்த அவநம்பிக்கை தப்பான இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். காகிதத்தைச் சந்தேகிக்கிறோம், முகத்தை நம்பிவிடுகிறோம். காகிதத்தில் எழுதியிருப்பதைப் படிப்பதற்குச் சோம்பல். முகத்தைப் படித்துவிட்டதாக நினைப்பு.

வண்டியும் தெருவும்

வண்டி இன்ஷூரன்ஸ் போலீசுக்காக என்ற அபிப்பிராயத்தைக் கொஞ்சம் பார்ப்போம். மோதப்படுகிறவருக்குக் கிடைக்கவேண்டிய நஷ்டஈட்டுக்காக ஒவ்வொரு வண்டியும் இன்ஷூர் செய்யப்படவேண்டும் என்று 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டமே சொல்லியது. இப்போதுள்ள 1988-ம் வருஷச் சட்டமும் அதையே சொல்கிறது. இதில் பாதுகாப்பு மோதப்பட்டவருக்கும் உண்டு, மோதியவருக்கும் உண்டு. இன்ஷூரன்ஸ் இருந்தால் கோர்ட்டுத் தீர்ப்பின் பணத்தைக் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் வண்டிக்குச் சொந்தக்காரர் தம் வீட்டை விற்றுத்தான் கட்டவேண்டும்.

சுப்ரீம் கோர்ட்டு உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வண்டி வாங்கும்போதே ஐந்து வருஷத்துக்கும், காருக்கு மூன்று வருஷத்துக்கும் இந்த இன்ஷூரன்ஸை எடுத்துவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிலும் ஒரு வினை இருக்கிறது. ஐந்து வருஷம் அதைப் பற்றி நினைக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது. ஆறாவது வருஷம் அடியோடு மறந்துபோகிறது. அப்பா வாங்கிய வண்டி மகன் கைக்கு வரும் சமயம் அதுதான். வண்டியைக் கொடுக்கிற தகப்பனார், சாவியோடு சேர்த்து அந்தக் காகிதத்தின் தேதியையும் ஒரு தடவை பார்த்துக் கொடுத்தால் என்ன?

இன்ஷூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறு தடவை 4,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தம் சொல்கிறது. இருசக்கர வண்டிக்கு ஒரு வருஷத்துக்குக் கட்டவேண்டிய தொகை அதைவிடக் குறைவாகவே இருக்கும். சந்து வழியாகப் போய்த் தப்புகிறவர் மிச்சப்படுத்துவது என்ன என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். சந்தில் போலீஸ் இல்லாமல் இருக்கலாம்; குழந்தைகள் இருப்பார்கள்.

மோதிவிட்டு நிற்காமல் ஓடிய வண்டி எது என்று தெரியாவிட்டாலும் குடும்பத்துக்கு வழி உண்டு. 2022 ஏப்ரல் முதல், மரணத்துக்கு 2 லட்சமும் பலத்த காயத்துக்கு 50 ஆயிரமும் கேட்டுப் பெறலாம். முன்பு இது 25 ஆயிரமும் பன்னிரண்டரை ஆயிரமுமாகத்தான் இருந்தது. வழக்குப் போட வக்கீல் வைக்க முடியாதவர்களுக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி செய்கிறது. இவையெல்லாம் இருக்கின்றன என்று தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தாமதமாகத் தெரிந்துகொள்வதும் தெரியாமலிருப்பதும் ஏறக்குறைய ஒன்றே.

“தெரிந்தவர்தான்”

மூன்று வட்டி விஷயத்துக்கு வருவோம். நூற்றுக்கு மாதம் மூன்று என்றால் வருஷத்துக்கு 36. பாங்கிகள் கடன் கொடுத்து வாங்குகிற வட்டியே அதில் பாதிக்கு வராது. நூற்றுக்கு 36 உங்களுக்குக் கொடுத்துவிட்டுத் தாமும் லாபம் பார்க்கிற வியாபாரம் எது? அப்படி ஒன்று தெரிந்தவர், உங்களைத் தேடி வரமாட்டார். பாங்கியில் கடன் வாங்கித் தாமே அந்த லாபத்தையெல்லாம் எடுத்துக்கொள்வார். முதலில் வந்தவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் அங்கே நடக்கிற வியாபாரம். பின்னால் வருகிறவர்கள் வராத மாதம் கடை கட்டப்படும்.

இது இன்று நேற்றைய கதையல்ல. 1906-ல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தபோது, வெள்ளைக்காரர் நடத்துவது என்ற நம்பிக்கையில் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றன. அந்த அடியிலிருந்து பிறந்ததுதான் 1907-ல் தோன்றிய இந்தியன் பாங்கு. 1960-ல் பாலாய் சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. அதன் அதிர்ச்சியில் பாங்கி டிபாசிட்டுகளையே இன்ஷூர் செய்யும் ஏற்பாடு 1962 ஜனவரி 1-ந் தேதி வந்தது. முதலில் 1,500 ரூபாய்க்குத்தான் காப்பு. படிப்படியாக ஏறி 1993-ல் ஒரு லட்சமாகி, 2020 பிப்ரவரியில் ஐந்து லட்சமாயிற்று. ஒருவருக்கு, ஒரு பாங்கியில், அசலும் வட்டியும் சேர்த்து ஐந்து லட்சம் வரையில் பத்திரம். இதற்கு நீங்கள் காலணா கட்டவேண்டியதில்லை, பாங்கிதான் கட்டுகிறது. இப்படிப்பட்ட காப்பு, தெருவில் மூன்று வட்டி தருகிறவரிடம் உண்டா?

மதுரைக்காரர்களுக்கு வேறு உதாரணமும் உண்டு. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943-ல் தொடங்கிய பாங்க் ஆப் மதுரா, 2001-ல் ஐசிஐசிஐ பாங்கியோடு இணைந்தது. பெயர்ப் பலகை மாறியது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு மனம் கஷ்டப்பட்டது. ஆனால் டிபாசிட் போட்டவர் கணக்கு அப்படியே புது பாங்கிக்குப் போயிற்று. சட்டத்துக்குள் நடக்கிற ஸ்தாபனம் மறைந்தாலும், அதன் பொறுப்பு மறைவதில்லை.

சட்டத்துக்கு வெளியே நடப்பவற்றால் தமிழ்நாட்டு ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. தொண்ணூறுகளில் பைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்து ஒவ்வொன்றாய்ச் சாய்ந்தன. டிபாசிட்தாரர் பாதுகாப்புக்கென்று 1997-ல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அச்சட்டத்தின்கீழ் வழக்குகளை விசாரிக்க மதுரையிலும் தனிக் கோர்ட்டு இருக்கிறது. தேக்கு மரம் என்றார்கள், போட்டார்கள். ஈமு கோழி என்றார்கள், போட்டார்கள். பிறகு மனை என்றார்கள், தங்கம் என்றார்கள். பண்டம் மாறுகிறதே தவிர, பேச்சு மாறவில்லை. “நமக்குத் தெரிந்தவர்தான்” என்பதே அந்தப் பேச்சு.

சீட்டுப் பிடிப்பதே தப்பு என்று நாம் சொல்லவில்லை. கல்யாணத்துக்கும் படிப்புக்கும் கடைக்கு முதல் போடவும் எத்தனையோ குடும்பங்களைச் சீட்டுத்தான் தூக்கி விட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 1961-லேயே சீட்டுச் சட்டம் வந்தது. பிறகு 1982-ல் மத்தியச் சட்டம் வந்தது. பதிவு செய்த சீட்டு என்றால், நடத்துகிறவர் சீட்டுத் தொகைக்கு ஈடான ஜாமீனைப் பதிவாளரிடம் வைத்தாக வேண்டும். அவருடைய கமிஷனுக்கும் உச்சவரம்பு உண்டு. “பதிவு நம்பர் என்ன?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். நல்லவர் எடுத்துக் காட்டுவார். “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று கோபித்துக்கொள்கிறவரிடமிருந்து மெல்ல எழுந்து வந்துவிடுவது உத்தமம்.

பேசும் பெட்டி

டீக்கடையில் கத்துகிற அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். யூபிஐ என்ற பணம் அனுப்பும் முறை 2016-ல் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 8-ந் தேதி ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு அது வேகம் பிடித்தது. இன்று பூக்காரம்மாவும் அதில் வாங்குகிறார். சில்லறைச் சண்டை குறைந்தது. கல்லாவில் கள்ள நோட்டுப் பயம் குறைந்தது. கணக்கு தானாக எழுதப்படுகிறது. விஞ்ஞானத்தின் இந்த உபகாரத்தை நாம் மனதார வரவேற்கிறோம்.

ஆனால் யந்திரம் கணக்கு எழுதுமே தவிர, சம்சாரத்திடம் சொல்லாது. முன்பு வீட்டுத் தலைவர் சம்பாதித்தது அரிசிப் பானையிலோ பீரோவிலோ இருந்தது. எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ளவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று அது ஒரு செல்போனுக்குள் இருக்கிறது. செல்போன் பூட்டு அவர் விரலில் இருக்கிறது. விரல் போனால்? பணம் எங்கும் போய்விடாது, பாங்கியில்தான் இருக்கும். ஆனால் எந்த பாங்கி என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்!

இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கிற பணம் எவ்வளவு தெரியுமா? பத்து வருஷம் எவரும் தொடாத டிபாசிட்டுகளாகப் பொதுத்துறை பாங்கிகள் மட்டும் 2023 பிப்ரவரி வரையில் ரிசர்வ் பாங்கிக்கு மாற்றிய தொகை 35,012 கோடி ரூபாய்! இதற்கு உரியவர்களைக் கண்டுபிடிப்பதற்காக ‘உத்கம்’ என்ற இணையத் தளத்தை 2023 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கி தொடங்கியது. பெயரைப் போட்டுத் தேடிப் பார்க்கலாம். அந்த 35 ஆயிரம் கோடியில் நம் சிம்மக்கல் பக்கத்துத் தாத்தாக்களின் பணமும் கொஞ்சம் இல்லாமலா இருக்கும்?

செல்போன் மோசடிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. “உங்களுக்குப் பணம் வருகிறது, எண்ணைப் போடுங்கள்” என்று எவன் சொன்னாலும் அவன் திருடன். “உங்களை வீடியோவிலேயே கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டுகிற போலீஸ் இந்த நாட்டில் கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லவேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க இடமுண்டு. மறு நாள் சொன்னால் கஷ்டம்.

ரயிலில் ஒரு ரூபாய்

பிரயாணம் செய்யாத மதுரைக்காரர் யார்? சென்னைக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள். திருப்பூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இணையத்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது, இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று ஒரு கேள்வி வரும். 2016 செப்டம்பரில் தொடங்கிய ஏற்பாடு அது. ஒரு ரூபாய்க்கும் குறைந்த தொகைதான். ரயில் விபத்தில் உயிர் போனால் 10 லட்ச ரூபாய், படுகாயத்துக்கு ஆஸ்பத்திரிச் செலவு 2 லட்சம் வரையில் என்று காப்புக் கிடைக்கிறது.

அந்த ஒரு ரூபாயை அநேகம் பேர் கட்டுகிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு கம்பெனியிடமிருந்து ஒரு செய்தி வரும். பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று அதில் பெயரை நிரப்பவேண்டும். அந்தச் செய்தியைத் திறந்து பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? பெயரை நிரப்பாவிட்டால், நடக்கக் கூடாதது நடந்த பிறகு வாரிசு நானே என்று நிரூபிக்க வீட்டிலிருப்பவர்கள் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்க வேண்டும். ஒரு ரூபாய் செலவழித்தும் அரை நிமிஷம் செலவழிக்க மனம் வருவதில்லை. இந்த அரை நிமிஷந்தான் இன்று நாம் பேச வந்த விஷயத்தின் சாரம்.

செய்யவேண்டியது என்ன?

வீட்டில் செய்யவேண்டியது ஒரு சாயங்கால வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யலாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். எந்தெந்த பாங்கியில் கணக்கு, எந்தெந்த பாலிசி, வண்டி இன்ஷூரன்ஸ் எந்தத் தேதி வரையில், யாரிடம் சீட்டு, யாருக்குக் கைமாற்றுக் கொடுத்தது, யாரிடம் வாங்கியது என்று எழுதுங்கள். ரகசிய எண்ணை எழுதவேண்டாம். எழுதி முடித்ததும் மனைவியையோ கணவரையோ வயது வந்த பிள்ளையையோ பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். ஒவ்வொன்றிலும் வாரிசுதாரராக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில், காலஞ்சென்ற தாயார் பெயரே இன்னும் இருக்கலாம். பாங்கிக் கணக்கில் நான்கு பேர் வரையில் பெயர் கொடுக்க 2025 நவம்பர் 1 முதல் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

வருஷம் 20 ரூபாய் விபத்துத் திட்டமும், 18 முதல் 50 வயதுவரை உள்ளவர்கள் சேரக்கூடிய 436 ரூபாய் ஆயுள் திட்டமும் 2015-ல் தொடங்கியவை. எந்தக் கணக்கிலிருந்து அவற்றைக் கழிக்கச் சொன்னீர்களோ, அந்தக் கணக்கில் மே மாதக் கடைசியில் ஐந்நூறு ரூபாயாவது இருக்கட்டும். புதுப் பாலிசி எடுத்துவிட்டு, ஏஜண்டு சொன்னது வேறு, எழுதியிருப்பது வேறு என்று கண்டால், கையில் கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். கம்பெனி நியாயம் செய்யாவிட்டால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனுக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு நூற்றுக்கு 18 வீதம் விதிக்கப்பட்டிருந்த வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டுவிட்டது. இன்ஷூரன்ஸ் விலை அதிகம் என்று சொல்லி வந்தவர்களுக்கு ஒரு சாக்குக் குறைந்தது.

ஜனங்களுக்கு மாத்திரம் உபதேசம் செய்துவிட்டு முடிப்பது நியாயமாகாது. பாங்கிகளும் கம்பெனிகளும் செய்யவேண்டியதும் இருக்கிறது.

முதலாவது, தமிழில் சொல்லுங்கள். மருத்துவ பாலிசியின் சாரத்தைச் சுருக்கமாக ஒரு தாளில் கொடுக்கவேண்டும், கேட்டால் உள்ளூர் மொழியில் கொடுக்கவேண்டும் என்று 2024 ஜனவரி முதல் விதி இருக்கிறது. கேட்டால்தான் கொடுப்பது என்ன தர்மம்? மதுரையில் விற்கிற பாலிசிக்குத் தமிழ்த் தாளைக் கேளாமலே கொடுக்கட்டும்.

இரண்டாவது, இருபது ரூபாய் கழிக்க முடியவில்லை என்றால், பாங்கி அதைக் கணக்கில் குறித்துவிட்டு வாளாயிருக்கலாகாது. “உங்கள் குடும்பத்தின் 2 லட்ச ரூபாய்க் காப்பு இன்றோடு நின்றுவிட்டது” என்று தெளிந்த தமிழில் ஒரு செய்தி, முடிந்தால் ஒரு டெலிபோன். கடன் தவணை தவறினால் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கூப்பிடத் தெரிந்தவர்களுக்கு, இதற்கு ஒரு தடவை கூப்பிட முடியாதா?

மூன்றாவது, சிம்மக்கல்லிலேயே இருக்கிறது மாவட்ட மைய நூலகம். வேலை தேடும் இளைஞர்கள் அங்கே மணிக்கணக்காக உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு மேஜை போட்டு, பாங்கியிலிருந்து ஒருவர், சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒருவர் உட்கார்ந்து, பாஸ் புத்தகமும் பாலிசியுமாக வருகிறவர்களுக்கு விளக்கம் சொன்னால் எவ்வளவு பெரிய உபகாரம்! எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்த இளைஞர்களே நோட்டில் எழுதிக் கொடுக்கலாம். செலவு அதிகமில்லை. மனம்தான் வேண்டும்.

கடைசியாக, அந்த டீக்கடைக்கே திரும்புவோம். சுமைதூக்கும் தொழிலாளியின் கதையை நமக்குச் சொன்னவர் வேறு யாருமல்ல, அந்த டீக்கடைக்காரர்தான். சொன்ன சிறிது நேரத்துக்கெல்லாம் எந்த பாங்கி என்று தம் சம்சாரத்துக்குத் தெரியாது என்று சிரித்தவரும் அவரே. கிளம்பும்போது அதை அவரிடம் எடுத்துச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

“சரிதாங்க. இன்றைக்கு ராத்திரி சொல்லிவிடுகிறேன்” என்றார்.

வாசகர்களும் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள்.